இரண்டரை மாறிய நாள்

பவானேஸ்வரி ஒரு மனிதனைக் கவிழ்ப்பதற்காகப் பத்து மாதம் காத்திருந்தாள். அந்தப் பத்து மாதமும் அவனுக்கு எதிர் மேசையில்தான் உட்கார்ந்திருந்தாள். அவன் ஸ்டேப்ளர் கேட்டால் எடுத்துக் கொடுத்தாள். அவனுக்கு வந்த தொலைபேசி அழைப்புகளை மரியாதையாக மாற்றிவிட்டாள். உள்ளே என்ன எரிகிறது என்று யாருக்கும் தெரியாது.

அவன் பெயர் யுகேந்திரன். இருவரும் ஜாசின் பக்கத்தில் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். அவன் அப்பா அங்கே கிராணி; ஆபீசில் பேனா பிடித்தவர், பால் நிறுக்கும் இடத்தில் தராசுக்குப் பக்கத்தில் நின்றவர். அவள் அப்பா நாகமுத்து பால்மரம் வெட்டியவர், அந்தத் தராசுக்கு முன்னால் வாளியோடு நின்றவர். யுகேந்திரன் கோலாலம்பூருக்குப் போய்க் கணினி படித்தான். நான்கு வருடம் கழித்து அவளும் அதையே படித்தாள். 1994இல் மலாக்காவில் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். "நம்ம தோட்டத்துப் பிள்ளை, நல்லா படிச்சிருக்கு பாய்" என்று முதலாளியிடம் சொன்னான். அப்போது அவள் அவனை அண்ணே என்று கூப்பிட்டாள்.

முதலாளி ஜமாலுதீன். தெங்கேராவில் அவர் குடும்பம் இரண்டு தலைமுறையாக ரேடியோவும் ஒலிபெருக்கியும் விற்றது. கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மைக் செட் வாடகைக்குக் கொடுத்தது. ஜமாலுதீனுக்கு வெறும் விற்பனை போதவில்லை. கடைக்கு மேல் மாடியில் ஆறு பேரை உட்காரவைத்து மலாயில் குரல் என்று பொருள்படும் 'சுவாரா' என்ற பெயரில் ஒரு பெட்டி செய்ய ஆரம்பித்தார். இரும்புக் கூட்டுக்குள் ஒரு சாதாரணக் கணினி. அதில் லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடியது. பேரங்காடிகளில் நாள் முழுக்கப் பாட்டு போடுவதும், யாராவது மைக்கில் பேசினால் பாட்டைத் தணித்து அதன் மேல் குரலைக் கலந்து கொடுப்பதும் அந்தப் பெட்டியின் வேலை. கூடவே, மீனும் இறைச்சியும் வைக்கும் குளிர் அறையின் வெப்பநிலையை நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து எழுதி வைக்கும்.

பாட்டையும் குரலையும் கலக்கும் நிரலை முதலில் எழுதியவள் பவானேஸ்வரி. வெப்பநிலை நிரலும் அவளுடையதே. கலக்கும் நிரலில் ஒரு குறை இருந்தது. கணினி ஏதாவது கோப்பை எழுதப் போகும்போது குரல் திக்கியது. "துவான்... துவான் டான் புவான்" என்று, 'பெரியோர்களே, தாய்மார்களே' என்னும் மலாய் விளிப்பே இடறும். ஒலிபெருக்கியோடு வளர்ந்த ஜமாலுதீனின் காதுக்கு அது சோற்றில் கல் கடிபட்டது போல.

இதைத் தீர்க்க 1996 நவம்பரில் மாடியில் ஒரு கூட்டம் நடந்தது. யுகேந்திரனின் யோசனை எளிமையானது. கலக்கும் வேலையை வெளியே ஓடும் நிரலாக வைக்காமல், இயங்குதளத்தின் நடுப்பகுதியான கெர்னலுக்குள்ளேயே கொண்டுபோய் வைத்துவிடலாம் என்றான்.

"வெளிய இருக்கிற புரோகிராம் எல்லாம் வரிசைல நிக்கணும் பாய். டிஸ்க்குக்கு ஒரு டர்ன், நெட்வொர்க்குக்கு ஒரு டர்ன், அப்புறம்தான் நமக்கு. கெர்னலுக்குள்ள இருந்தா வரிசையே கிடையாது. சவுண்ட் கார்டு கேட்ட உடனே கொடுத்துடலாம்" என்றான். ஏற்கெனவே செய்து கொண்டுவந்திருந்தான். போட்டுக் காட்டினான். குரல் எண்ணெய் போல வழுக்கிக்கொண்டு வந்தது.

ஜமாலுதீன் பவானேஸ்வரியைப் பார்த்தார். "நீ என்ன சொல்ற?"

"வெளிய ஓடுற புரோகிராம் தப்பு செஞ்சா அது மட்டும்தான் பாய் விழும். மத்ததெல்லாம் பொழைச்சுக்கும். உள்ள ஓடுறது தப்பு செஞ்சா அதத் தடுக்க ஆளே இல்ல. மத்தவங்க மெமரியக்கூட கெடுத்துடும். எங்க கெட்டதுன்னு கண்டுபிடிக்கவும் முடியாது. திக்குறத நான் வெளியவே சரி பண்றேன், எனக்கு டைம் குடுங்க."

"எவ்வளவு நாள்?"

"ரெண்டு மாசம்."

"யுகேன் இன்னிக்கே போட்டுக் காட்டிட்டானே ம்மா" என்றார் ஜமாலுதீன். அதோடு முடிவாகிவிட்டது.

தோற்றதில் அவளுக்குப் பெரிய வருத்தமில்லை. வேலையில் இதெல்லாம் நடப்பதுதான். ஒரு விஷயத்தை மட்டும் எழுதிக் கொடுத்தாள். கெர்னலுக்குள் புள்ளி வைத்த எண்களில், அதாவது தசமத்தில், கணக்குப் போட வேண்டாம். முழு எண்களிலேயே போடவும். காரணத்தையும் எழுதினாள். தசமக் கணக்குக்கென்று கணினியின் மூளையான செயலியில் சில இடங்கள் உண்டு. அந்த நிமிடம் எந்த நிரல் ஓடுகிறதோ அதன் எண்கள் அங்கே இருக்கும். கெர்னல் குறுக்கே நுழைந்து அதே இடங்களில் தன் எண்களை வைத்தால், முதல் நிரல் திரும்பி வந்து அடுத்தவர் எண்ணைத் தன் எண் என்று எடுத்துக்கொள்ளும். அதற்குத் தெரியவே தெரியாது. ஒரு பக்கத் தாள். யுகேந்திரன் படித்து, சிரித்து, அடியில் கையெழுத்தும் தேதியும் போட்டு நகலைத் திருப்பிக் கொடுத்தான்.

"எனக்குத் தெரியாதா லா பவானி?" என்றான்.

எட்டு மாதம் யாரும் எதையும் கவனிக்கவில்லை. பிறகு மலாக்கா நகரத்தில் ஒரு பேரங்காடியிலிருந்து புகார் வந்தது. குளிர் அறையின் பதிவில் இல்லாத சூடெல்லாம் தெரிகிறது. மைனஸ் பதினெட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நாள் நானூறு என்று இருந்தது. இன்னொரு நாள் மைனஸ் மூன்று, பிளஸ் ஐந்து. சில எண்கள் பார்த்தாலே சிரிப்பு வரும்படி இருந்தன. சில நம்பும்படி இருந்தன. நம்பும்படி இருந்தவைதான் ஆபத்தானவை.

1997 ஆகஸ்டில் மீண்டும் அதே மாடியில் கூட்டம். வெப்பநிலை பவானேஸ்வரியின் நிரல். ஆகவே தப்பு அவளுடையது என்றான் யுகேந்திரன்.

"என் புரோகிராம் ரெண்டு வருஷமா சரியா ஓடுச்சு பாய். சவுண்டு உள்ள போன பிறகுதான் இப்படி. டெசிமல் வேணாம்னு அண்ணன்கிட்ட எழுதிக் கொடுத்தேன். சைன் போட்டாரு" என்றாள்.

"எந்தப் பேப்பர்?" என்றான் யுகேந்திரன். முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. பிறகு மேசையைச் சுற்றி இருந்த எல்லோரையும் பார்த்துச் சிரித்தபடி சொன்னான். "தோட்டத்துல எங்கப்பா நிறுத்துச் சொன்ன எடைய இவங்கப்பா ஒரு நாளும் ஒத்துக்கிட்டதில்ல. தினமும் தராசுக்கிட்ட சத்தம். அந்தக் குடும்பத்துக்கு நம்பர்னாலே வராது பாய். விடுங்க."

நான்கு பேர் சிரித்தார்கள். ஜமாலுதீன் சிரிக்கவில்லை, ஆனால் கண்டிக்கவும் இல்லை. தாளைக் கொண்டுவா என்று அவளிடம் கேட்கவும் இல்லை. அடுத்த திங்கட்கிழமை அவள் நிரல்கள் யுகேந்திரன் கைக்குப் போயின. அவளைத் தொலைபேசி மேசைக்கு மாற்றினார்கள். வாடிக்கையாளர் புகார்களைக் கேட்டு எழுதுவது, தொலைநகல் அனுப்புவது, பதிவுகளை அச்செடுத்து முத்திரை குத்துவது. படித்தது ஒரு வேலை, செய்வது இன்னொரு வேலை.

நாகமுத்து தராசு முன்னால் சத்தம் போட்டது உண்மைதான். அவர் இறந்து ஐந்து வருடமாகியிருந்தது. அவரை இழுத்ததைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

கூட்டம் நடந்த அன்றே, பாயா ரும்புட்டில் இருந்த தன் வாடகை வீட்டுக்குப் போனதும் பழைய கோப்புகளைக் கொட்டித் தேடினாள். தாள் இருந்தது. கையெழுத்தும் தேதியும் பளிச்சென்று இருந்தன. மறுநாள் கையில் எடுத்துக்கொண்டு போவதாகத்தான் இருந்தாள். வாசற்படியில் நின்று யோசித்தபோது, இந்தத் தாளை மட்டும் காட்டினால் அவன் 'கையெழுத்துப் போட்டேன், அப்படியே முழு எண்ணில்தான் செய்திருக்கிறேன்' என்பான் என்று தோன்றியது. திரும்ப உள்ளே வைத்தாள்.

முதலில் நிரூபிக்க வேண்டும். அதற்கு அவளைத் தொலைபேசி மேசையில் உட்காரவைத்ததே வசதியாகப் போனது. எல்லாப் புகாரும் அவள் காதுக்குத்தான் வந்தன. எண் எந்த நிமிடத்தில் தப்பியது என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டு எழுதினாள். செப்டம்பரில் ஊரெங்கும் சுமத்ராக் காட்டுத் தீயின் புகைமூட்டம். எதிர்க் கட்டடம் தெரியாது, எல்லோரும் முகமூடியோடு நடந்தார்கள். அவள் மூன்று நாள் விடுப்பு எடுத்து, முகமூடி போட்டுக்கொண்டு, அந்தப் பேரங்காடியில் மீன் பகுதிக்கு எதிரே கைக்கடிகாரமும் நோட்டுமாக நின்றாள். பாட்டுக்கு மேல் அறிவிப்பு வந்த ஒவ்வொரு நிமிடத்தையும் குறித்தாள். பிறகு அந்த நாட்களின் வெப்பநிலைப் பதிவை எடுத்து வைத்துப் பார்த்தாள். தப்பிய எண் ஒவ்வொன்றும் ஓர் அறிவிப்பின் மேல் உட்கார்ந்திருந்தது.

வீட்டில் ஒரு பழைய கணினி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதில் சுவாரா பெட்டியின் நிரல்களை ஏற்றி, யுகேந்திரன் எழுதிய பகுதியைப் பிரித்துப் பார்த்தாள். தசமக் கட்டளைகள் வரிசையாக நின்றன. பாட்டைத் தணிக்கும் அளவைத் தசமத்தில் பெருக்கியிருந்தான். முழு எண்ணில் எழுதினால் இன்னும் ஒரு மாதம் ஆகும் என்று சோம்பல்பட்டிருக்கிறான். செயலியின் அந்த இடங்களைத் துடைத்து, தன் எண்களை வைத்து, அப்படியே விட்டுவிட்டு வெளியேறியிருந்தது அவன் நிரல்.

அவள் ஒரு சின்ன நிரல் எழுதினாள். பத்தை நான்கால் வகுத்து விடையைத் திரையில் காட்டும். ஓயாமல் அதையே செய்யும். 2.5, 2.5, 2.5. பாட்டை ஓடவிட்டு மைக்கில் "ஹலோ" என்றாள். திரையில் 2.5 மறைந்து 0.0173 வந்தது. மறுபடியும் 2.5. மறுபடியும் "ஹலோ" என்றாள். 91.

வாய்விட்டுச் சிரித்தாள்; அப்படிச் சிரித்து வெகு நாளாகியிருந்தது என்று பின்னாளில் அவளே சொன்னாள்.

மறுநாள் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும்? யுகேந்திரன் ஒரு மத்தியானத்தில் சத்தமில்லாமல் திருத்துவான். 'சின்னத் தப்பு பாய், சரி பண்ணிட்டேன்' என்பான். ஜமாலுதீன் சரி என்பார். அவளைத் திரும்ப நிரல் எழுத உட்காரவைப்பார்கள், அவ்வளவுதான். அவளை ஐந்து பேர் முன்னால் அசிங்கப்படுத்தியிருக்கிறான். அவனுக்கு ஐந்து பேர் போதாது.

எனவே காத்திருந்தாள். அண்ணே என்பதை விட்டு சார் என்று கூப்பிட ஆரம்பித்தாள். அவனுக்கு அது பிடித்திருந்தது. தன் வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் தன்னுடைய பழைய கலக்கும் நிரலை எடுத்துத் திருத்தினாள். இந்த நிரலை மற்றவற்றுக்கு முன்னால் ஓடவிடு என்று கெர்னலிடம் கேட்க ஒரு வழி இருந்தது. அதன் நினைவகத்தை வட்டுக்குத் தள்ளாதே என்று கேட்கவும் ஒரு வழி இருந்தது. இரண்டையும் சேர்த்தாள். திக்கல் போயிற்று. கூட்டத்தில் இரண்டு மாதம் கேட்டிருந்தாள். ஏழு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிட்டது. முடித்ததையும் பூட்டி வைத்தாள்.

1998 பிப்ரவரி தொடக்கத்தில் அந்தப் பேரங்காடியிலிருந்து ஒரு தொலைநகல் வந்தது. குளிர் அறையைப் பார்த்துக்கொண்டிருந்த இருளாண்டி என்பவர் கதவைத் திறந்துபோட்டுவிட்டுத் தூங்கியதாகத் தெரிகிறது. வெப்பநிலை ஏறிய ஆறு நாட்களின் பதிவை முத்திரையோடு அனுப்பிவைக்கவும். வேலையை விட்டு நிறுத்துவதற்கு ஆதாரமாக வேண்டும்.

அவள் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் இருந்தாள். ஆறு நாளும் அறிவிப்பு நேரங்களோடு ஒத்துப்போகும் என்று பார்க்காமலே தெரியும். யுகேந்திரன் எதிர் மேசையில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தான். ஒரு மருத்துவமனைக் குழுமத்தோடு பேச்சு நடக்கிறது, ஜூலையில் பெரிய விளக்கக் கூட்டம் என்று அந்த வாரம்தான் கேள்விப்பட்டிருந்தாள். இப்போது வாயைத் திறந்தால் ஜூலை போய்விடும்.

பதிவை அச்செடுத்தாள். ஆறு தாள். ஒவ்வொன்றிலும் முத்திரை குத்தி, தொலைநகலில் அனுப்பினாள்.

ஜூலைக் கூட்டம் நகரத்தில் ஒரு ஹோட்டலில் நடந்தது. மருத்துவமனைக் குழுமத்திலிருந்து பதினோரு பேர் வந்தார்கள். அவர்கள் தலைவர் ஒரு சீன டாக்டர், கண்ணாடி போட்ட பெண்மணி. அறிவிப்புகளுக்கும் இரத்தம் வைக்கும் குளிர்பெட்டிகளைக் கண்காணிக்கவும் ஒரே பெட்டி வேண்டுமென்று கேட்டார்கள். தெங்கேரா ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். யுகேந்திரன் புது டை கட்டியிருந்தான்.

ஒரு வாரம் முன்பே அவள் அவனிடம் போய்ச் சொல்லியிருந்தாள். "சார், பெரிய ஸ்கிரீன்ல ஒரு கணக்கு ஓடவிடலாமா? பத்த நாலால வகுக்குற மாதிரி. சவுண்டு ஓடும்போதே மெஷினுக்குக் கஷ்டமே இல்லன்னு காட்டலாம். நான் எழுதித் தரேன்."

"நல்ல ஐடியா லா" என்றான் அவன். அவனுக்கு மறுப்பதற்குக் காரணமே தோன்றவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் கையெழுத்துப் போட்ட தாளை அவன் நிஜமாகவே மறந்திருந்தான். அவளுக்கு அதுதான் இன்னும் ஆத்திரம். பொய் சொன்னவன் அதை நினைவில்கூட வைத்திருக்கவில்லை.

திரையில் 2.5 என்ற எண் ஓர் ஆள் உயரத்துக்கு நின்றது. பாட்டு மெல்ல ஓடியது. யுகேந்திரன் அதைக் காட்டி ஆங்கிலத்தில் விளக்கினான். ஒலி வேலை முழுவதும் கெர்னலுக்குள்ளேயே நடக்கிறது. மற்ற வேலைகளுக்கு எந்த இடைஞ்சலும் கிடையாது. பாருங்கள், இந்த எண் மாறவே மாறாது. அப்படியே அவன் வாயால் சொன்னான். பிறகு மைக்கை எடுத்து, "செலாமட் டாத்தாங்" என்று மலாயில் வரவேற்றான்.

இரண்டரை போய் நூற்றெட்டு வந்தது. பிறகு பூஜ்யம் புள்ளி ஏதோ. பிறகு மைனஸ் நாற்பது. அவன் பேசப் பேச எண் மாறிக்கொண்டே இருந்தது. அவன் பார்வையாளர் பக்கம் திரும்பி நின்றிருந்ததால் அவனுக்குத் தெரியவில்லை. எல்லோரும் அவன் தலைக்கு மேலே பார்ப்பதைக் கண்டு திரும்பினான். பேச்சு நின்றது. 2.5.

"அது ஏன் மாறியது?" என்று டாக்டர் கேட்டார்.

"டிஸ்ப்ளேல ஏதோ தப்பு. அந்த புரோகிராம் எழுதினது எங்க டெலிபோன் ஸ்டாஃப்" என்றான் யுகேந்திரன்.

பவானேஸ்வரி பின்வரிசையிலிருந்து எழுந்தாள். "இன்னொரு தடவை பேசுங்க சார்" என்றாள்.

அவன் பேசவில்லை. டாக்டரே எழுந்துவந்து மைக்கை வாங்கி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். எண் மூன்று முறை குதித்தது. பவானேஸ்வரி கணினிக்கு அருகே போய் யுகேந்திரனின் நிரலை நிறுத்திவிட்டு, தன்னுடைய நிரலை வெளியே ஓடவிட்டாள். மறுபடி எண்ணச் சொன்னாள். குரல் திக்கவில்லை. 2.5 அசையவில்லை. பிறகு கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து முதலில் டாக்டரிடம் கொடுத்தாள், யுகேந்திரனிடம் அல்ல. டாக்டர் படித்துவிட்டு ஜமாலுதீனிடம் கொடுத்தார். ஜமாலுதீன் கையெழுத்தைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார்.

"இது இரத்தக் குளிர்பெட்டிக்கு வந்திருந்தால்?" என்று டாக்டர் மெதுவாகக் கேட்டார். மருத்துவமனைக்காரர்கள் காப்பி குடிக்காமல் கிளம்பிப் போனார்கள்.

கூடம் காலியானதும் யுகேந்திரன் அவள் முன்னால் வந்து நின்றான். "நான்தானே உனக்கு வேலை வாங்கிக் குடுத்தேன்?" என்றான்.

"ஆமா. எங்கப்பாவப் பத்திப் பேசினதும் நீங்கதான்."

"அது சும்மா ஒரு ஜோக்கு லா பவானி."

"இதுவும் அப்படித்தான், அண்ணே" என்றாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் அந்த வார்த்தையைச் சொன்னாள். அவன் டையைக் கழற்றிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு போனான். அந்த வாரமே வேலையை விட்டுவிட்டான்.

ஜமாலுதீன் மறுநாள் அவளைக் கூப்பிட்டார். "எப்ப தெரியும் உனக்கு?"

"போன செப்டம்பர்."

"அவன எரிக்கிறேன்னு என் கடையையும் சேர்த்து எரிச்சுட்டியே ம்மா."

"அன்னிக்கு நீங்க பேப்பரக் கொண்டான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, இவ்வளவு தூரம் வந்திருக்காது பாய்."

ஜமாலுதீன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தார். பிறகு, ஒலியைக் கெர்னலுக்குள் வைக்கலாமா கூடாதா என்று இனி யாரும் மாடியில் சண்டை போடாதபடி ஒரே பக்கத்தில் எழுதிக் கொடு என்றார். அவள் எழுதினாள். ஒலி அட்டைக்குத் தரவைக் கொடுத்து வாங்கும் வேலை மட்டும் உள்ளே இருக்கலாம். அது அங்கேதான் இருக்க வேண்டும். கலப்பது, தணிப்பது, எதிரொலி சேர்ப்பது எல்லாம் வெளியே. வெளியே திக்கினால் வெளியே சரிசெய்வது. ஜமாலுதீன் அதன் கீழ் கையெழுத்துப் போட்டு, அவளையும் போடச் சொல்லி, சுவரில் ஒட்டினார். யுகேந்திரனின் மேசை அவளுக்கு வந்தது.

அவள் நன்றாகத் தூங்கினாள். நன்றாகச் சாப்பிட்டாள். பழிவாங்கினால் மனம் வெறுமையாகிவிடும் என்பார்களே, அப்படி எதுவும் ஆகவில்லை. இனித்தது. மூன்று வாரம் இனித்தது.

விற்ற பெட்டிகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்த் திருத்த வேண்டியிருந்தது. பேரங்காடிக்குப் போனபோது குளிர் அறையில் புது ஆள் இருந்தார். கதவில் ஒரு சாதாரணத் தெர்மாமீட்டர் தொங்கியது. "இத மாட்டினது பழைய அங்கிள். மணிக்கு ஒரு தடவ பார்த்து நோட்டுல எழுதுவாராம். மேனேஜரு மெஷின்தான் கரெக்டுன்னுட்டாரு" என்றார் அந்த ஆள்.

இருளாண்டியின் வீட்டைக் கண்டுபிடித்து ஒரு சனிக்கிழமை காலை போனாள். ஐம்பத்து நான்கு வயது மனிதர். ஒரு தொழிற்சாலையில் வாசலைக் காக்கும் ஜாகா வேலை கிடைத்திருந்தது, சீருடையோடு கிளம்பிக்கொண்டிருந்தார். பேரங்காடி என்றதும் முகம் இறுகியது. உள்ளே போய்ப் பள்ளிக்கூட நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து அவள் முன்னால் போட்டார். பென்சில் எழுத்து. அந்த ஆறு நாளும் மணிக்கு மணி மைனஸ் பதினெட்டு, மைனஸ் பதினெட்டு, மைனஸ் பதினேழு.

"நீங்க எழுதினதுதான் சரி, அங்கிள். எங்க மெஷின்தான் தப்பு" என்றாள். எப்படித் தப்பு என்பதிலிருந்து ஹோட்டல் கூட்டம் வரை எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

"போன செப்டம்பர்லேர்ந்து."

"என்னை நிப்பாட்டினது தைப்பூசத்துக்கு முந்தின வாரம்." அவர் விரல்விட்டு எண்ணவில்லை, எண்ணத் தேவையில்லாமல் இருந்தது. "முத்திரை குத்தி ஆறு பேப்பர் அனுப்பினாங்களே, அது யாரு?"

"நான்தான்."

"அதக் கேட்டு வந்த ஃபேக்ஸ்ல என் பேரு இருந்துச்சா?"

"இருந்துச்சு அங்கிள்."

இருளாண்டி தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். "பெரிய பெரிய டாக்டருங்க முன்னால அந்தப் பையன நிக்க வெச்சேன்னு இப்ப சொன்னியே, எத்தனை பேரு இருந்தாங்க?"

"பதினேழு, பதினெட்டு பேரு."

"அந்தக் கடையில முப்பத்தோரு பேரு. அத்தனை பேரும் என்னைத் தூங்குமூஞ்சின்னு பேசினவங்க. கடை திறக்கிறதுக்கு முன்னால எல்லாரும் வரிசையா நிப்பாங்க. அங்க வந்து நில்லு. மெஷின் தப்புன்னு மட்டும் சொல்லாத. உனக்குத் தெரியும்னு சொல்லு. தெரிஞ்சே முத்திரை குத்தினேன்னு சொல்லு. நான் பக்கத்துல நிப்பேன்."

மேலாளர் முதலில் மறுத்தார். ஜமாலுதீன் தொலைபேசியில் பேசிய பிறகு ஒத்துக்கொண்டார். அடுத்த வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு, மீன் பகுதிக்கும் பால் பகுதிக்கும் நடுவில், நீலச் சட்டை போட்ட ஊழியர்கள் முன்னால் பவானேஸ்வரி நின்றாள். மலாயில் ஒருமுறை சொன்னாள். தமிழில் ஒருமுறை சொன்னாள். கதவு திறந்திருக்கவில்லை, இவர் தூங்கவில்லை, எங்கள் பெட்டி தப்பாக எழுதியது. அது எனக்கு முன்பே தெரியும். வேறொருவரைப் பழிவாங்க வேண்டியிருந்ததால் சொல்லவில்லை. இருளாண்டி அவள் பக்கம் திரும்பவே இல்லை. முன்னால் நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார்.

மேலாளர் கை கொடுத்தார். வேலையைத் திரும்பத் தருவதாகச் சொன்னார். "வேணாம். லெட்டர் மட்டும் குடுங்க" என்றார் இருளாண்டி. அங்கேயே தட்டச்சு செய்து வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்ததும் அவள் தன் சின்னக் கஞ்சில் காரைக் காட்டி, "நான் கொண்டுபோய் விடுறேன் அங்கிள்" என்றாள்.

"பஸ் இருக்கு." நாலு அடி போனவர் நின்றார். "இருபத்தொம்பது பேருதான் இருந்தாங்க. காஷியர் கோமளா இல்ல, லோரி ஓட்டுறவரும் இல்ல. செவ்வாய்க்கிழமை ரெண்டு பேரும் வருவாங்க. கேட்டு வெச்சிருக்கேன்."

"சரி அங்கிள்."

"நான் வரமாட்டேன். எனக்கு டூட்டி. ஆனா நீ வந்தியான்னு கேப்பேன்."

செவ்வாய்க்கிழமை அவள் போனாள். கோமளா கல்லாவைத் திறந்து சில்லறையை அடுக்கிக்கொண்டே கேட்டுவிட்டு, "ஓ, அப்படியா?" என்றாள். லோரி ஓட்டுநர் வருவதற்கு முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். பின்வாசலில் பெட்டிகள் இறக்கும் மேடையோரம் வெயிலில் நின்று காத்திருந்தாள்.